எல்லோரையும் அழைக்கும் முகப்பு

டேட்டிங் இணையதளங்களுக்கு முகப்பு வாசகம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்களிடத்தில் ஒரு சித்தாந்தம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. முகப்புப் பக்கத்தின் கடமை வந்தவரைப் பதிவு செய்ய வைப்பது ஒன்றுதான். ஆகையால் அங்கே வாக்குறுதி பெரிதாகவும் விவரம் சிறிதாகவும் பொத்தான் கண்ணைப் பறிப்பதாகவும் இருத்தல் வேண்டும். யாருக்கு, எந்த ஊரில், என்ன செலவில் என்பன போன்ற சங்கதிகள் ஒவ்வொன்றும் யாராவது ஒருவரைத் திரும்பிப் போகச் செய்யக் கூடியவையாதலால் அவற்றைப் பதிவுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுதல் வேண்டும் என்பது அதன் சாரம். இந்த உபதேசத்தைச் சிரமேற்கொண்டதன் பலனை எவரும் காணலாம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி; உங்களுக்கென்றே ஒருவர் காத்திருக்கிறார் என்ற ஆசுவாசம்; கோடிக்கணக்கான உறுப்பினர்கள் என்ற பெருமை; அதன் அடியில் இலவசமாகச் சேரச் சொல்லும் பொத்தான். பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால் எது எந்தத் தளம் என்று அதன் முதலாளிக்கே அடையாளம் தெரியாது.

இதைக் கற்பனை வறட்சி என்று சொல்லி அத்துடன் நிறுத்திக்கொள்வோர் உண்டு. ஒரு வினைச்சொல்லை மாற்றிப் போட்டால், பொத்தானின் நிறத்தைத் திருத்தினால், படத்தில் இருப்பவர்களின் வயதைக் கொஞ்சம் கூட்டினால் எல்லாம் சீர்ப்பட்டுவிடும் என்று அவர்கள் கருதுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. வாசகம் எப்படி எழுதப்பட்டது என்பதைவிட, அதற்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதில்தான் பிழை ஆரம்பமாகிறது. டேட்டிங் தளத்தின் முகப்பு ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்னால் ஆட்களைப் பிரித்தாக வேண்டும். தனக்குப் பொருந்தாதவரைப் பதிவுக்கு முன்பே மரியாதையாகத் திருப்பி அனுப்பும் வரி எதுவோ, அதுவே அந்தப் பக்கத்தில் மிகுந்த லாபம் தரும் வரி. தொழிலில் உள்ளவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் என்பதை அறிவேன்; ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

ஜவுளிக்கடைக்கு இன்னும் ஆயிரம் பேர் வந்துவிட்டதனால் ஒருவர் வாங்கும் வேட்டியின் நூல் தடிப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. கடைக்காரர் கூட்டத்தை எப்படிச் சேர்த்தாலும் அவர் விற்கும் சரக்கு அதே சரக்குதான். ஆகவே அவர் எல்லோரையும் கூவி அழைப்பதில் குற்றம் காண முடியாது. டேட்டிங் தளத்தின் நிலைமையோ முற்றிலும் நேர்மாறானது. அங்கே இன்று பதிவு செய்கிறவர் நாளைக்கு வருகிறவருக்குக் காட்டப்படும் மனிதர். தளத்திற்கென்று தனியாகச் சரக்கு எதுவும் கிடையாது. முகப்பு வாசகம் யாரை இழுத்து வந்ததோ அவர்களே தளம். பொழுதுபோக்காக எட்டிப் பார்க்க வந்த ஒருவரை ஆசை வார்த்தையால் பதிவு செய்ய வைத்தால், கணக்கில் ஓர் எண்ணிக்கை ஏறியிருக்கலாம். ஆனால் மனப்பூர்வமாக ஒரு துணையைத் தேடி வந்த வேறு பத்துப் பேர் அவருக்கு எழுதிப் பதிலின்றிக் காத்திருப்பார்கள், அல்லது அவர் எழுதும் அசட்டுக் கடிதத்தைப் படித்து முகம் சுளிப்பார்கள்.

இது வெறும் அனுமானம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022-ஆம் ஆண்டில் நடத்தி மறு ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்திய ஓராண்டுக்குள் இத்தளங்களைப் பயன்படுத்தியிருந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களுக்கு வந்து குவியும் செய்திகளின் எண்ணிக்கையே தாங்க முடியாததாக இருந்ததென்று சொன்னார்கள். ஆண்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல், தங்களுக்குச் செய்தியே வராததனால் மனம் குன்றிப்போனதாகச் சொன்னார்கள். ஒரே கூடத்தில் ஒரு பக்கம் வெள்ளமும் மறு பக்கம் வறட்சியும். இந்த அவஸ்தைக்கு முகப்பு வாசகம் ஒன்றே காரணம் என்று வாதிக்க நான் முன்வரவில்லை. ஆனால் 'யார் வேண்டுமானாலும் வாருங்கள், இலவசம்' என்ற அழைப்பு இந்த இரண்டு துன்பங்களில் எதையாவது தணிக்குமா என்று கேட்டால், அதை எழுதிக் கொடுத்தவராலும் ஆம் என்று சொல்ல முடியாது. வெள்ளத்தில் சலித்த பெண்கள் முதலில் வெளியேறுகிறார்கள். வறட்சி மேலும் கடுமையாகிறது. அதை ஈடுகட்ட முகப்பில் இன்னும் பெரிய வாக்குறுதி எழுதப்படுகிறது.

இதற்கு எதிர்த்தரப்பார் எடுத்து வீசும் ஆயுதம் பரீட்சை. 'எங்கள் வாசகத்தை நாங்கள் ஊகத்தில் எழுதவில்லை. இரண்டு வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரண்டாகப் பிரித்து, எதைப் பார்த்தவர்கள் அதிகமாகப் பதிவு செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுத்தோம்' என்பார்கள். ஏ-பி சோதனை என்று பெயர்பெற்ற இந்த முறையின் மீது எனக்கு அவமதிப்பு ஏதும் இல்லை. மருந்து முதல் மின்னஞ்சல் தலைப்புவரை அது செய்திருக்கும் உபகாரம் பெரிது. ஆனால் அதற்கு ஆதாரமாக ஒரு நிபந்தனை உண்டு: ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவரின் பலனைப் பாதிக்கக் கூடாது. டேட்டிங் தளத்தில் இந்த நிபந்தனை முதல் நாளே உடைந்துபோகிறது. முதல் வாசகத்தைப் பார்த்துச் சேர்ந்தவரும் இரண்டாம் வாசகத்தைப் பார்த்துச் சேர்ந்தவரும் ஒரே கூடத்துக்குள்தான் நுழைகிறார்கள், ஒருவருக்கொருவர் எழுதுகிறார்கள். மோசமான வாசகம் அழைத்து வந்த விளையாட்டுக்காரர்களால் விளையும் தீமை இரு தரப்பாருக்கும் சரிசமமாகப் பங்கிடப்படுகிறது. அது கூட்டி வந்த பதிவு எண்ணிக்கையின் புகழோ அதற்கு மட்டுமே சேருகிறது. பொய் சொல்லும் வாசகம் ஜயிப்பதற்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை ஒருவர் வேண்டுமென்றே திட்டம் போட்டாலும் அமைக்க முடியாது.

பரீட்சை வேண்டாம் என்பதா என் கட்சி? இல்லை, ஒழுங்காகச் செய்யுங்கள் என்கிறேன். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரு வாசகத்தையும், அதை ஒத்த வேறொரு நகரம் முழுவதற்கும் மற்ற வாசகத்தையும் காட்டினால், உதாரணமாக இங்கிலாந்தின் லீட்ஸில் இருப்பவர் லீட்ஸில் இருப்பவரையே பெரும்பாலும் சந்திப்பாராதலால், ஒரு வாசகத்தின் நன்மையும் தீமையும் அதனதன் ஊருக்குள்ளேயே தங்கும். இப்படிப் பல ஊர்களில் செய்து, எண்ணிக்கையைப் பதிவோடு நிறுத்தாமல், முதல் கடிதத்துக்குப் பதில் பெற்றவர் எத்தனை பேர், பேச்சு நாலைந்து கடிதங்கள் தாண்டியது எத்தனை பேருக்கு, மூன்றாம் மாதத்திலும் பெண்கள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். இதற்கு மூன்று மாதம் பிடிக்கும். பொத்தானை எண்ணுவதற்கு மூன்று நாள் போதும். ஆகவே பொத்தானையே எண்ணுகிறார்கள்.

பரீட்சையைப் பற்றிய பேச்சில் ஓகேகியூபிட் தளத்தின் உதாரணம் தவறாமல் வரும். அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர் 2014-ஆம் ஆண்டில் தாமே பகிரங்கமாக எழுதிய விஷயம் அது. முப்பது சதவிகிதமே பொருத்தம் என்று தளத்தின் கணக்குச் சொன்ன ஜோடிகளிடம் தொண்ணூறு சதவிகிதப் பொருத்தம் என்று வேண்டுமென்றே தவறாகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பொய்யை நம்பியவர்கள் அதிகமாகப் பேசிக்கொண்டார்கள். 'பார்த்தீர்களா, சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது' என்று விளம்பரக்காரர்கள் இன்றுவரை இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையின் பின்பகுதியை அவர்கள் படிப்பதில்லை போலும். உண்மையிலேயே பொருத்தமுள்ள ஜோடிக்கு அந்த உண்மையையே சொன்னபோதுதான் பேச்சு எல்லாவற்றையும்விட அதிகமாக நிலைத்தது என்று அங்கேயே இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் பலமுள்ளது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் இல்லாத தளத்துக்கு யார் வருவார்கள், கோடிப் பேர் இருக்கிறார்கள் என்ற ஒரு சொல்லே நம்பிக்கை தரவில்லையா என்று கேட்கிறார்கள். கூட்டம் வேண்டும் என்பது வாஸ்தவம். எந்தக் கூட்டம் என்பதுதான் கேள்வி. நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹா நகரில் ஐம்பத்திரண்டு வயதில் தனித்திருக்கும் ஒருத்திக்கு, அமெரிக்கா முழுவதிலும் எத்தனை கோடிப் பேர் என்றாவது ஒருநாள் பதிவு செய்து மறந்துபோனார்கள் என்பதனால் ஒரு பிரயோசனமும் இல்லை; தன் வயதுக்கு ஏற்ற ஆண்களில், அரைமணி நேரக் கார்ப் பயணத்துக்குள் வசிப்பவர்களில், சென்ற மாதம் எத்தனை பேர் தளத்துக்குள் வந்தார்கள் என்பதே அவள் அறிய விரும்பும் எண். அந்த எண் நிர்வாகிகளிடம் இருக்கிறது. சிறியதாக இருப்பதனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அப்படிச் சொல்லாமல் மறைத்துக் கூட்டத்தைச் சேர்த்தபின் கூடம் வெறுமையாகக் கிடந்தால், அதை நிரப்பும் கைங்கரியமும் பின்னோடு வந்து சேர்கிறது. இங்கிலாந்திலிருந்து நடத்தப்பட்ட ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனம், இலவசமாகப் பதிவு செய்தவர்களுக்கு இல்லாத மனிதர்களின் பெயரில் செய்திகளை அனுப்பி, அவற்றுக்குப் பதில் எழுதச் சந்தா கட்ட வைத்ததென்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் நடவடிக்கை எடுத்தது. ஆறு லட்சம் டாலருக்கு மேல் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. டொரான்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆஷ்லி மேடிசனின் கதை இதைவிடப் பிரசித்தம். மணமானவர்களின் கள்ளத் தொடர்புக்கென்றே நடத்தப்பட்ட அந்தத் தளத்தின் தார்மிகத்தை விட்டுவிடுகிறேன். அதன் முகப்பை மட்டும் பார்ப்போம். 2015 ஜூலையில் அதன் தகவல்கள் திருடப்பட்டு, மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரம் வெளியானபோது, அதன் முகப்புப் பக்கத்தில் நம்பகமான பாதுகாப்புக்கு விருது பெற்றதாகக் காட்டும் ஒரு பதக்கச் சின்னம் ஜொலித்துக்கொண்டிருந்தது. கனடா, ஆஸ்திரேலியா இரு நாடுகளின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர்களும் சேர்ந்து விசாரித்து 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, அப்படி ஒரு விருதே கிடையாது, நிறுவனம் தானே சிருஷ்டித்துக்கொண்டது என்று தெரிவித்தது. பெண்களின் பெயரால் பொய்யான கணக்குகளை உண்டாக்கி ஆண்களை இழுத்ததும் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டில் இடம்பெற்றது. பதிவு எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அந்தப் பதக்கத்தைப் பரீட்சித்திருந்தால் அது முதல் மார்க் வாங்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி, நான் சொல்லும் வழியில் நடந்து பிழைத்தவர் உண்டா என்று கேட்கலாம். உண்டு. ஒஹையோ மாகாணத்து விளம்பரக்காரரான ஜெரி மில்லர் 2005-இல் தொடங்கிய ஃபார்மர்ஸ் ஒன்லி என்ற தளம், தன் பெயரிலேயே விவசாயிகளுக்கு மாத்திரம் என்று அறிவித்துக்கொண்டது; நகரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பதைத் தன் பிரதான வாசகமாகவும் வைத்துக்கொண்டது. ஒரு வியாபார ஸ்தாபனம் தன் நாட்டு ஜனத்தொகையில் மிகப் பெரிய பகுதியை வாசலிலேயே கேலி செய்து அனுப்புகிறதே என்று சாஸ்திரம் படித்தவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாசகம் எத்தனை காரியங்களை ஒரே மூச்சில் சாதிக்கிறது என்று பாருங்கள்: விடியுமுன் மாட்டுக்கொட்டகைக்குப் போகவேண்டிய ஒருத்திக்கு, இங்கே இரவு பத்து மணிக்குக் காப்பி குடிக்க அழைப்பவர்கள் குறைவு என்று சொல்கிறது, அவளைப் போன்றவர்களே உள்ளே இருப்பார்கள் என்று சொல்கிறது, அப்படி இல்லாதவரை மனஸ்தாபம் இல்லாமல் சிரிக்க வைத்தே வழியனுப்பிவிடுகிறது. இத்தனைக்கும் உள்ளே வருகிறவரிடம் நிலப்பட்டா எதுவும் கேட்கப்படுவதில்லை. கிராமத்து வாழ்வை விரும்புகிறவர் எவரும் சேரலாம். தடுப்பு வேலை முழுவதையும் வாசகமே செய்துவிடுகிறது.

நம் வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். விலக்கி வைக்கும் கலையில் நமக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லையே, சென்னையிலிருந்து நடக்கும் திருமணத் தளங்களில் சாதிக்கு ஒரு தனி வாசல் திறந்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நீர் சிபாரிசு செய்கிறீரா என்று கேட்பது நியாயமே. பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்துவதும், இங்கே என்ன நடக்கிறது என்று சொல்லி வருபவரையே தீர்மானிக்க விடுவதும் ஒன்றாகா. முன்னதில் தீர்ப்பு வாசற்காவலன் கையில். பின்னதில் வந்தவர் கையில். பேதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஈஹார்மனி தளமே சாட்சி. மனோதத்துவ நிபுணரான நீல் கிளார்க் வாரன் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தளம், நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஒருவரைப் பொறுமையாகப் பதில் எழுத வைத்துவிட்டு, அதன் பிறகே, உமக்கு எங்களால் ஆகக் கூடியது ஒன்றும் இல்லை என்று சிலரைத் திருப்பி அனுப்பிவந்தது. அப்படி நிராகரிக்கப்பட்டவர்களையே கதாபாத்திரங்களாக்கி 2007-இல் கெமிஸ்ட்ரி என்ற போட்டித் தளம் விளம்பரம் செய்தது. தன் பாலினத்தவரையே நாடுவோருக்கு ஈஹார்மனியில் இடமே இருக்கவில்லை. நியூ ஜெர்சி மாகாணத்தில் எழுந்த புகார் 2008-இல் சமரசமான பிறகே அவர்களுக்கென ஒரு தனித் தளம் திறக்கப்பட்டது. முகப்பில் எல்லோருக்கும் அன்பு என்று எழுதிவிட்டுப் பின்கட்டில் கதவைச் சாத்துவதற்கு இது நல்ல உதாரணம்.

அதே ஈஹார்மனி இன்னொரு பாடத்துக்கும் உதவும். விஞ்ஞானப் பூர்வமாக நிரூபிக்கப்பட்ட பொருத்த முறை என்று லண்டன் சுரங்க ரயிலில் அது ஒட்டிய விளம்பரத்தை, பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2018 ஜனவரியில் தடை செய்தது. மற்ற வழிகளைக் காட்டிலும் அதிகமாக இந்த முறை நிலையான காதலைத் தேடித் தருகிறது என்பதற்கு நிறுவனம் காட்டிய சான்றுகள் போதவில்லை என்பது தீர்ப்பு. அதற்கு ஆறு வருஷங்கள் முன்பே, எலை ஃபிங்கலும் நான்கு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை, இத்தகைய பொருத்தக் கணக்குகள் பலிக்கின்றன என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லையென்று நிதானமாகச் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் நாள்தோறும் தன் மூலம் 542 பேர் மணம் செய்துகொள்கிறார்கள் என்பதும் அந்தத் தளம் பெருமையோடு சொல்லிவந்த கணக்கு. அது உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், எத்தனை பேர் சேர்ந்து, எவ்வளவு கட்டி, எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள் என்ற மறுபாதி இல்லாமல் அந்த எண் ஒன்றையும் தெரிவிப்பதில்லை. லாட்டரிச் சீட்டுக் கடையில் பரிசு பெற்றவர் படத்தைத் தொங்கவிடுவதும் இதே சாமர்த்தியம்தான்.

முகப்பை யார் படிக்கிறார்கள், டிண்டர் ஒரு சொல்லும் சொல்லாமலே உலகத்தை ஆளவில்லையா என்பது கடைசிக் கட்சி. 2012-இல் தொடங்கிய டிண்டருக்கு வாசகம் இருந்தது. அது முகப்பில் எழுதப்படாமல் அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. டிண்டரைச் சேர்ந்த விட்னி வுல்ஃப் முதலில் மாணவியர் சங்கங்களுக்கு நேரில் போய் அவர்களைச் சேர்த்தார். பிறகு மாணவர் சங்கங்களுக்குப் போய், அந்தப் பெண்கள் உள்ளே இருப்பதைக் காட்டினார். இன்ன கல்லூரி, இன்ன வயது, இன்னார் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று இதைவிடக் குறுகலாகவும் துலாம்பரமாகவும் ஓர் அழைப்பை எவரால் எழுத முடியும்? நேரில் போய்ச் சொல்ல ஆள் இல்லாத தளத்துக்கு அந்த வேலையை முகப்புதான் செய்தாக வேண்டும். பிறகு அதே தளம் எல்லோருக்கும் என்று விரிந்தது. அங்கே வந்தவர்கள் இப்போது என்ன சொல்லிச் சலித்துக்கொள்கிறார்கள் என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

வாக்குறுதிகளில் மிக அபாயகரமானது உத்தரவாதம். ஆறு மாதத்துக்குள் விசேஷமான ஒருவரைச் சந்திக்காவிட்டால் மறு ஆறு மாதம் இலவசம் என்று மேட்ச் தளம் சொல்லிவந்தது. மாதந்தோறும் ஐந்து புதிய சந்தாதாரர்களுக்காவது எழுதியிருக்கவேண்டும் என்பது முதலிய நிபந்தனைகளைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்று மத்திய வர்த்தக ஆணையம் 2019-இல் வழக்குத் தொடுத்தது. 2025-இல் அது ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த நிபந்தனையே முகப்பில் எழுதத் தகுந்த வாசகம். 'மாதம் ஐந்து பேருக்காவது நீங்களாக எழுதுகிறவரானால் இங்கே வாருங்கள்' என்று எழுதியிருந்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அப்போதே போயிருப்பார்கள்.

குறை மட்டும் சொல்லிப் போவது சுலபமாதலால், ஒரு கற்பனைத் தளத்தின் முகப்பை நானே எழுதிக் காட்டுகிறேன். 'மான்செஸ்டரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும், துணையை இழந்தபின்போ மணவிலக்குக்குப் பின்போ மீண்டும் ஒருவரோடு பழகிப் பார்க்க விரும்பும் 45 வயது கடந்தவர்களுக்கு. சென்ற மாதம் இங்கே வந்து போன பெண்கள் இத்தனை பேர், ஆண்கள் இத்தனை பேர். பதிவு செய்ய இருபது நிமிஷம் ஆகும். பதில்களை முழு வாக்கியங்களில் எழுதவேண்டும். கடிதம் படிக்கவும் எழுதவும் மாதக் கட்டணம் இவ்வளவு. நிறுத்துவதற்கான பொத்தான் இதே பக்கத்தின் அடியில். ஓரிரவுச் சந்திப்பை நாடுகிறவர்களுக்கு வேறு நல்ல தளங்கள் இருக்கின்றன.' அலங்காரம் ஒன்றும் இல்லை, படமும் அவசியமில்லை. இதில் பெரும்பாலான வரிகள் யாரையாவது திருப்பி அனுப்புகின்றன, தங்குகிறவருக்கு உள்ளே யார் இருப்பார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகின்றன.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால், இரண்டாவது வரியைத்தான் முதலில் அடிப்பார்கள். புதிதாகத் தொடங்கிய தளத்தில் நாற்பது பெண்களும் முப்பத்தைந்து ஆண்களுமே இருந்தால் அதைப் போய் எழுதுவதா என்பார்கள். எழுதலாம். நாற்பது பேர் இருக்கும் இடம் என்று தெரிந்து வருகிறவர் அந்த நாற்பது பேரையும் நிதானமாகப் படிப்பார். லட்சம் பேர் என்று நம்பி வந்து நாற்பதைக் கண்டவர் அன்றைக்கே கணக்கை மூடுவார். அந்த எண் சொல்லக் கூசும்படி இருக்குமானால், அது தேறும்வரை கட்டணம் வாங்குவதைச் சில மாதங்கள் ஒத்திவைக்க வேண்டியதுதான்.